மொதல்ல எங்கன போவீக?

ரோஜாவைப் பத்தி நல்லவிதமாச் சொல்ல ஊருல ஆளா இல்லை? என்கிட்ட வந்து கேட்டா வயிறு எரியத்தான் செய்யும். இருந்தாலும் சொல்றேன், நான் சொன்னாத்தான் உள்ளது வரும்.

நாரணாபுரத்துல பொம்பளைகளுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சவ இந்தச் சண்முகத்தாய்தான். ரோஜாவே என்கிட்டப் படிச்சவ. பட்டாசுக் கம்பெனியில திரி வேலை பாத்துக்கிட்டு, என் வண்டியில, என் பெட்ரோல்ல, என் வாயால திட்டு வாங்கிப் படிச்சவ. படிச்ச கையோட வேலையை விட்டுட்டு, ஒரு பழைய வண்டியை வாங்கி, அதே மைதானத்துல எனக்கு எதுக்க அவளும் சொல்லிக்கொடுக்க நின்னுட்டா. எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க!

என் பாணி எல்லாருக்கும் தெரியும். சீக்கிரம் படிக்கிறவளுக்கு எவர்சில்வர் தூக்குச்சட்டி பரிசு. முழிக்கிறவளை, "ஒன் புருசன் சிரிக்கப்போறான்டி"ன்னு உசுப்பேத்துவேன். கொஞ்ச நாளைக்கு வீராப்பா ஓட்டுவாளுக, அப்புறம் காய்ச்சல்னு படுத்துக்குவாளுக. ரோஜா பரிசும் கொடுக்க மாட்டா, சத்தமும் போட மாட்டா. வந்தவளை வேப்பமரத்தடியில ஒக்கார வச்சு, "வண்டி படிச்சு மொதல்ல எங்கன போவீக?"ன்னு கேப்பா. பதில் வர்ற வரைக்கும் சாவி கிடையாது. "வீட்டுக்காரரு படிக்கச் சொன்னாரு"ன்னா, "அது அவரு ஆசை, ஒங்க ஆசையைச் சொல்லுங்க"ம்பா. ஒருத்தி ஆனைக்குட்டம் அணையைப் பாக்கணும்னாளாம். இதென்ன கூத்துன்னு நான் சிரிச்சேன். ஆனா அவ ஆளுக மழைத் தூத்தல்லயும் வந்து நின்னாளுக. என் பக்கம் காத்தாடுச்சு.

அதெல்லாம்கூடத் தாங்கிக்கிட்டேன். என் கூடப்பிறந்த தங்கச்சி வேலுத்தாயும் அங்கன போனா பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை. பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போக வேனை எதிர்பாத்து அவ ரோட்டுல காத்துக்கிடக்குறது எனக்குப் பொறுக்காது. எப்படியாச்சும் நான்தான் அவளுக்கு வண்டி பழக்கிவிடணும்னு ஒரு வருசமா உசுரைக் கொடுத்தேன். அவளோ, வண்டியில ஏறும்போதெல்லாம் செருப்பைக் கழத்தி ஓரமா வச்சுட்டுத்தான் ஏறுவா. கம்பெனியில வெடிமருந்து ரூமுக்குள்ள செருப்போட போக மாட்டாக. எதையும் தட்ட மாட்டாக, உரச மாட்டாக. அந்தப் பழக்கம் அவ ஒடம்புல ஊறிப்போச்சு. ஸ்டார்ட் பண்ணின வண்டியும் அவளுக்கு மருந்து ரூம்தான். ஆக்சிலேட்டரைத் தொட்டுட்டுக் கையை எடுத்துருவா.

"முறுக்குளா! வெடிச்சா போகும்?"னு ஒருநாள் எல்லாரும் பாக்கக் கத்திட்டேன். மறுநாள் ரோஜாவோட மரத்தடியில ஒக்காந்திருந்தா.

எனக்குச் சோறு எறங்கலை. தங்கச்சிகிட்டப் பேச்சை நிறுத்தினேன். ரோஜா எதுக்க வந்து, "சாப்பிட்டீகளாக்கா?"ன்னு கேட்டப்பவும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். அவ தோத்துப்போகணும், என் தங்கச்சி என்கிட்டயே திரும்பி வரணும்னு இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேந்துக்கவும் செஞ்சேன். ஆமா, செஞ்சேன்!

ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வாசல்ல ஹாரன் சத்தம். வெளிய வந்து பாத்தா வேலுத்தாய், தனியா, ரோஜா வண்டியில. லைசென்சும் எடுத்துட்டாளாம். காலுல செருப்பு இல்லை.

"ஏறுக்கா."

"எங்கனளா?"

"இருக்கன்குடிக்கு. மொதல்ல எங்கன போவீகன்னு ரோஜா கேட்டாள்ல, எங்கக்காவைப் பின்னால வச்சு ஆத்தா கோயிலுக்குப் போகணும்னேன். எப்பவும் நீதான என்னைய வச்சுக் கூட்டிட்டுப் போற."

ஒரு வருசமாக் கத்தினேனே, இதை ஒரு வாட்டி கேட்டேனா? என் தங்கச்சி மனசுல நான் இருக்குறது எனக்கு முந்தி அந்த ரோஜாவுக்குத் தெரிஞ்சிருக்கு! மத்த எதையும் விட அதுதான் எரிஞ்சது. ஏறி அவ தோளைப் பிடிச்சுக்கிட்டேன். சாத்தூர் ரோட்டுல லாரிக்கு ஒதுங்கி, பள்ளம் பாத்து, பூப்போல ஓட்டிட்டுப் போனா. வழி நெடுக அழுதேன், அவளுக்குத் தெரியாது.

கோயில்ல போய் நின்னப்பதான் நேந்துக்கிட்டது ஞாபகம் வந்துச்சு. "ஆத்தா, தங்கச்சியைத் திருப்பிக் கொடுத்துட்ட, அது போதும். ரோஜா தோக்கணும்னு கேட்டதை மட்டும் காதுல போட்டுக்காத"ன்னு முணுமுணுத்தேன்.

பக்கத்துல வேலுத்தாய் கண்ணை மூடி, "ரோஜா நல்லா இருக்கணும், எங்கக்கா நல்லா இருக்கணும்"னு வாய்விட்டு வேண்டினா.

"எனக்கு முந்தி அவளாக்கும்?"னு ஆத்தா முன்னாலயே அவ இடுப்புல ஒரு இடி இடிச்சேன்.