வைகாசியில் ஏறிய மீன்கள்

மீனுக்குப் புத்தி உண்டா என்று பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கேட்டிருந்தால் நான் ஒரே தடவையில் பாஸாகியிருப்பேன். கேட்கவில்லை. எங்கள் ஊரில் புரட்டாசி மழைக்குப் புதுத்தண்ணீர் வந்ததும், ஏரியில் கிடக்கும் கெண்டையும் கெளுத்தியும் வயிறு நிறையச் சினையோடு வரத்துக் கால்வாயில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். மேலே நெல் வயலில் நிற்கும் கலங்கல் தண்ணீரில்தான் முட்டை விட வேண்டுமாம். ஏரியிலேயே விட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? பாதி மீன் போய்ச் சேராது. புரட்டாசியிலும் கவிச்சியை விடாத நாங்கள் வழியில் நிற்போம்.

நிற்பவர்களில் ராசு மாமாதான் பெரிய ஆள். சின்னப் பாலத்துக்கு அடியில் அவர் மூங்கில் பறியை வைத்தால், மீன் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து உள்ளே புகும். ஆனால் நான் எழுத வந்தது அவர் சம்சாரம் செவ்வந்தி அக்காவைப் பற்றி.

அக்கா திருநாவலூர்ப் பக்கம் பிறந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். நடவுக்குப் போவார், மரவள்ளி பிடுங்கப் போவார், இரண்டும் இல்லாவிட்டால் நூறுநாள் வேலை. ஒரே மகளைத் திருக்கோவிலூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. மீன் வாசனை அக்காவுக்கு ஆகவே ஆகாது. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு ஆய்ந்து, குழம்பு வைத்து, மாமாவுக்கு ஊற்றிவிட்டு, தான் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார். யாருக்காவது இது புரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

மாமாவுக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பொங்கலுக்கு வர மாட்டார், லீவு இல்லை. திருவிழாவுக்கும் வர மாட்டார், அப்போதும் லீவு இல்லை. போனில் இருவரும் பேசுவதை மொத்தமாக எழுதிவிடலாம். "இன்னா?" "ஒண்ணுமில்ல." "சாப்ட்டியா?" "ம்." அவ்வளவுதான். ஆனால் புரட்டாசியில் மீன் ஏறுகிறது என்று தெரிந்தால் மட்டும் எங்கிருந்தோ லீவு கிடைத்துவிடும். பையும் கையுமாக வந்து இறங்குவார்.

எதிர்வீட்டு ஆயம்மாள் குழாயடியில் இதைச் சும்மா விடுவாளா?

"ஏன்டி செவ்வந்தி, உன் வூட்டுக்காரன் உனுக்காகவா வரான்? கெண்டைக்கு வரான்டி!"

"எதுக்கோ வராரு இல்லக்கா. அது போதும்" என்று சிரித்துவிட்டு அக்கா குடத்தைத் தூக்குவார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும், கண்ணுக்குப் போகாது. நான் இதையெல்லாம் கவனிக்கிற ஆள் இல்லை. தற்செயலாகப் பார்த்தேன்.

இந்த வருஷம் மழைக்கே கிறுக்குப் பிடித்தது. வைகாசியில், கத்திரி வெயில் முடிந்த கையோடு, கரியாலூர்ப் பக்கம் மலை இருட்டிக்கொண்டு கொட்டியது. விடிந்தால் கால்வாயில் செந்தண்ணீர். புரட்டாசி வந்துவிட்டதென்று மீன்கள் நம்பிவிட்டன. ஏறத் தொடங்கின. நாங்களும் நம்பினோம். மீனை மட்டும் குறை சொல்ல முடியாது.

மதியத்துக்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. ஏறின மீன்கள் மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் குட்டை குட்டையாக மாட்டிக்கொண்டு துடித்தன. ஊரே கூடையோடு இறங்கியது. குண்டான், முறம், ஒரு பையனின் ஸ்கூல் பை. தமிழழகன் அண்ணன் ஒருத்தர்தான் மீன் பிடிக்காமல் வீடியோ பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது செவ்வந்தி அக்கா நீல பக்கெட்டோடு வந்தார். மூக்கில் முந்தானை. குட்டையில் இறங்கி மீன்களை அள்ளிப் போட்டு, வெயிலில் ஏரி வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்துவிட்டு, காலி பக்கெட்டோடு திரும்பி வந்தார். மறுபடி அள்ளினார்.

"இன்னாடி இது, மீனுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டிக்கினு கீறியா?" என்றாள் ஆயம்மாள்.

"அக்கா, ஏரில வுடறதுக்கு முன்னாடி ஆதார் கார்டு வாங்கிப் பாரு. பக்கத்து ஊரு மீனா இருக்கப் போவுது" என்றேன் நான்.

ஊரே சிரித்தது. அக்கா என்னைப் பார்த்து மூச்சு வாங்கினார். "சிரிடா. இத்தினி சினையும் இன்னிக்கே சட்டில ஏறிட்டா, புரட்டாசில எது ஏறும்? ஒண்ணும் ஏறலன்னா அந்த மனுசன் எதுக்குடா வருவாரு?"

வெயில் அதிகம். என் கூடையில் இருந்த கெளுத்திகள் அக்காவின் பக்கெட்டுக்கு எப்படிப் போயின என்று தெரியவில்லை.

தமிழழகன் அண்ணன் அன்று சாயங்காலமே வீடியோவை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் ஆழமான குட்டைகளில் இன்னும் மீன் மிச்சமிருந்தது. அக்கா பக்கெட்டோடு நின்றார். பாலத்தின் மேல் ராசு மாமா வந்து நின்றார். தோளில் பை, முகத்தில் பஸ் தூக்கம்.

அக்கா முகத்தில் வந்தது சந்தோஷமா பயமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இப்போதே வந்துவிட்டால் புரட்டாசிக்கு வருவாரா மாட்டாரா என்ற கணக்கு அதில் ஓடியது மட்டும் தெரிந்தது.

"நீ இன்னாத்துக்கு இப்ப வந்தே?"

"ஸ்டேட்டஸ் பாத்தேன்."

"மீனுக்கா வந்தே? இது புரட்டாசி மீனு இல்ல, தெரியுமா? பொய் மழைக்கு ஏறுனது. புட்ச்சேன்னா அப்புறம் ஒண்ணுகூட இருக்காது, சொல்லிட்டேன்."

மாமா தலையைச் சொறிந்தார். "மீனு கெடக்குது. உன்னப் பாத்தேன் அதுல. வேகாத வெயில்ல பக்கெட்டத் தூக்கிக்கினு போற, வர, போற. சுத்தி நின்னுகினு அத்தினி பேரும் சிரிக்கறானுங்க. உனுக்கு இன்னாமோ ஆயிட்ச்சின்னு நெனச்சிகினு மேஸ்திரிகிட்டகூட சொல்லாம பஸ்சு ஏறிட்டேன்."

"எனுக்கு இன்னா? நான் நல்லாத்தான் கீறேன்."

"அப்ப சரி."

"சரின்னா? திரும்பிப் போறியா?"

"வந்தவன இப்புடிக் கேட்டா நான் இன்னா சொல்றது?"

மாமா பையை வைத்துவிட்டு இறங்கினார். தண்ணீருக்குள் கையை விட்டு, தடவக்கூடத் தடவாமல், வயிறு புடைத்த கெண்டை ஒன்றை எடுத்தார். கொழுத்த மீன். அதைப் பார்த்ததும் அக்கா செய்ததுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. முந்தின நாள் அந்த மீன்களுக்காக ஊரிடம் மல்லுக்கு நின்றவர், மூக்கிலிருந்த முந்தானையை அவிழ்த்தார்.

"குடு. கொழம்பு வெக்கறேன். ராவெல்லாம் பஸ்சுல வந்திருக்கே."

மீனுக்காகவே ஊருக்கு வருகிறார் என்று பெயரெடுத்த மாமா அதைக் கொடுக்கவில்லை. பக்கெட்டில் போட்டார்.

"வேணாம், ஏரில வுட்டுடு. புரட்டாசில வெய்யி."

அக்கா பக்கெட்டைத் தூக்கப் போனார். மாமா கைப்பிடியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் சேர்ந்து தூக்கத் தெரியாததால் தண்ணீர் சிந்திக்கொண்டே போனது. "நேரா நடய்யா," "நீ இழுக்காத," என்று ஏரிக்கரை வரைக்கும் சண்டை. போனில் பேசாததையெல்லாம் அன்றைக்கே பேசித் தீர்த்தது மாதிரி இருந்தது.

மதியம் ஆயம்மாள் அவர்கள் வீட்டுச் சுவரோரம் நின்று மோந்து பார்த்தாள். மீன் வாசனைதான் வரும் என்று அத்தனை நிச்சயம் அவளுக்கு. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. என்னிடம் வந்து, "இன்னாடா இது, ஒண்ணுமே புரியலயே" என்றாள்.

எனக்கு மட்டும் புரிந்ததா என்ன?