‘அனுப்பியாச்சு’ என்று சொன்ன பிறகு

கல்லடிப் பாலத்தில் பாதித் தூரம் நடந்த பிறகுதான் ஆபீஸ் சாவி சட்டைப் பையில் கிடப்பதைக் கவனித்தேன். திரும்பிப் போக மனம் வரவில்லை. வேலையில் பிழை விட்டால் அடுத்த ஊருக்கு பஸ் ஏறுவது என் வழக்கம். ஓ.எல். பரீட்சை எழுதாமல் வீட்டை விட்டவன் நான். கட்டாரில் ஏசி பூட்டப் போன இடத்தில் புரோகிராமிங் பழகினேன். அன்றுவரை ஆறு வேலைகளை இப்படி விட்டிருந்தேன். அன்று மட்டும் பஸ் நிலையத்துக்குப் போகாமல் நாவற்குடாவுக்கு நடந்தேன். என்னால் வலையை இழந்த ஸ்டெல்லா அக்காவின் வீடு அங்கேதான்.

எங்கள் சின்ன ஆபீஸை நடத்துபவர் ஏறாவூர் ரிஸ்வான் நானா; முஸ்லிம் அண்ணனை இங்கே நானா என்போம். மழைக்குக் கடலோர வாவி நிறைந்தால் முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். அப்போது வாவியில் இழுப்பு வரும். வலை கட்டியவர்கள் அதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். அவர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் புரோகிராம் என் பொறுப்பு.

அதை க்ளோஜரில் எழுதினேன். அது ஜாவாவின் மேல் ஓடும் மொழி. எஸ்எம்எஸ் அனுப்பும் ‘சென்ட்’ மெதட் என்ற கட்டளைத் துண்டு ஜாவாவில் ஏற்கெனவே இருந்தது. என் மொழியிலிருந்து அதைக் கூப்பிட்டால் போதும். நம்பர் பட்டியலின் மேல் ‘மேப்’ கட்டளையைப் போட்டு, ஒவ்வொரு நம்பருக்கும் ‘சென்ட்’டைக் கூப்பிட்டேன். டெஸ்டில் என் போனும் நானாவின் போனும் ஒன்றாகச் சத்தம் போட்டன.

மணலை வெட்டப் போகும் செய்தி ஒரு பகலில் வந்தது. பட்டனை அழுத்தினேன். திரையில் ‘முடிந்தது’ என்று விழுந்தது.

“அனுப்பியாச்சா தம்பி?”

“அனுப்பியாச்சு நானா.”

ஒருவருக்கும் போகவில்லை.

‘மேப்’ ஒரு சோம்பேறி. விடையை யாராவது கேட்கும்வரை வேலையைத் தொடாது. டெஸ்டில் விடையைக் காட்டுவதற்காகத் திரையே கேட்டது, அதனால் போனது. உண்மையான ஓட்டத்தில் கேட்க ஆளில்லை. கூட்டல் கழித்தலைத் தள்ளிப்போட்டால் நட்டமில்லை. ஜாவாவின் மெதட்டைக் கூப்பிட்டு வெளியே ஒன்றைச் செய்விக்கும்போது ‘மேப்’புக்குப் பதிலாக ‘டூசெக்’ போட வேண்டும். அது உடனே, ஒன்று விடாமல் செய்யும்.

“ஒரு சொல்லுதான் பிழை நானா.”

“அந்த ஒரு சொல்லுல ஒரு வலை போயிட்டு.”

அவர் என்னை விரட்டவில்லை. நான்தான் பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

மற்றவர்கள் வாய்வழியாகக் கேள்விப்பட்டு வலையைக் கழற்றியிருந்தார்கள். ஸ்டெல்லா அக்கா எங்கள் மெசேஜை நம்பி, போனைப் பார்த்தபடி இருந்திருக்கிறார்.

நான் போனபோது வாவிக் கரையில் தோணிக்குள் நின்ற தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்.

“ஆரு தம்பி?”

“மெசேஜ் அனுப்புற ஆள் அக்கா. அது போகல்ல. என்ட பிழை.”

“கம்பியூட்டர் பிழை எண்டுதானே எல்லாரும் சொல்லுவாங்க?”

“இல்ல அக்கா. நான்தான் பாக்காம அனுப்பியாச்சு எண்டு சொன்னன்.”

அவர் என் பையைப் பார்த்தார்.

“மறுகா பையோட எங்க? ஓடப் பாத்தீங்களோ?”

பையைத் தோளிலிருந்து இறக்கிக் கரையில் வைத்தேன். அவரே தொடர்ந்தார்:

“வலை அங்கால கண்டல் மரத்து வேருல சிக்கிக் கிடக்கு. என்ட மனுசனுக்கு முதுகு ஏலா. காலம வாங்க, இழுப்பம். நீந்தத் தெரியுமா?”

“தெரியும்.”

“அதயாவது பாத்துட்டுத்தான் சொல்றீங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானாவுக்குப் போன் எடுத்து, சாவி என்னிடம் இருப்பதைச் சொன்னேன். “உங்களிட்டயே கிடக்கட்டும். வலையக் குடுத்துட்டு வாங்க” என்றார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒன்றுதான். ‘முடிந்தது’ என்று திரை சொல்வது உங்களுக்குப் போதாது. போய்ச் சேர்ந்ததா என்று அந்தப் பக்கத்து ஆளிடம் கேளுங்கள்.

மறுநாள் காலை கழுத்தளவு தண்ணீரில் வேலைக்கு இறங்கினேன். வலையின் ஒரு முனை கைக்கு வந்தது.

“வந்திட்டா தம்பி?” என்று தோணியிலிருந்து ஸ்டெல்லா அக்கா கேட்டார்.

மூழ்கி, வேரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு மேலே வந்தேன்.

“இன்னும் இல்ல அக்கா.”