முட்லூரில் மஃரிப்

அந்தி நேரம். பஸ் பஞ்சராகி முட்லூரில் நிற்கிறது. மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறது. அண்ணாமலை நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டைக் காலி செய்யப் போகிறேன். அவள் போனதிலிருந்து நான் தொழவில்லை.

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. செல்போன் பட்டன்களை அழுத்துகிறேன், யாரையும் கூப்பிடவில்லை. கடைசியில் சாலையோரப் பள்ளிவாசலுக்குள் போய்க் குழாயில் முகம் கழுவுகிறேன்.

கொய்யாப்பழ வியாபாரி ஒருவர் தள்ளுவண்டியை வாசலில் விட்டுவிட்டு ஓடி வருகிறார்.

“மஃரிப் ஜமாஅத் தொழுகை முடிஞ்சிடுச்சு பாய். நீங்க முன்னால நில்லுங்க, நாம சேந்து தொழுவலாம்.”

“நான் முகம் கழுவத்தான் வந்தேன்.”

“அப்புடியே கையி காலையும் கழுவிட்டு வாங்க. எனக்குத் தப்பில்லாம ஓத வராது.”

கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு முன்னால் நிற்கிறேன். நாலு வரி ஓதியதும் குரல் உடைந்து நின்றுவிடுகிறது. அழுகிறேன். பின்னால் அவர் அசையாமல் காத்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து ஓதி முடிக்கிறேன்.

“ஆமீன்” என்கிறார், சத்தமாக.

சாலையில் பஸ் ஹாரன் அடிக்கிறது. இன்னும் இரண்டு ரக்அத் தொழுகை மிச்சம் இருக்கிறது. நான் அவசரப்படவில்லை.