ஃபெலியு காட்டிக்கொடுக்காத இடம்

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஃபெலியு. ஆனால் ஒருவருக்கும் வழி சொன்னதில்லை. மொட்டைப் பாறைக்குப் போகிற சுற்றுப்பாதையில் அவருக்கு எங்கே காளான் கிடைக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். டிரைவிங் ஸ்கூலை மூடிய பிறகு அந்த மனிதருக்கு உலகத்தில் இருந்த ஒரே பெருமை அந்த இடம்தான். உயிரே போனாலும் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

சுற்றுப்பாதை ஊருணியில் தொடங்கி, தெற்குப் பக்கப் பைன் காடு வழியாக உச்சிக்கு ஏறி, வடக்குச் சரிவில் இறங்கி, மறுபடி ஊருணிக்கே வரும். பலகையில் ‘நடுத்தரம்’ என்று எழுதியிருக்கிறார்கள். யாருடைய முழங்காலைக் கேட்டு எழுதினார்களோ தெரியவில்லை. எங்கள் நடைச் சங்கம் ஞாயிறுதோறும் அதில்தான் போகும்.

இலையுதிர் கால மழை பெய்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குப் புத்தி பேதலித்துவிடும். எல்லாம் ரொவெல்யோ காளானுக்காக. அண்ணன் தம்பியிடம் இடத்தைச் சொல்லமாட்டான். பார்சிலோனாவிலிருந்து கூடையோடு வந்து இறங்குகிற கூட்டத்தை, பைன் மரத்தடியில் ஒன்றுக்குப் போகிறவர்கள் என்று திட்டுவோம். உள்ளூர்க்காரர்களை அதைவிடக் கேவலமாகத் திட்டுவோம், மனதுக்குள்.

ஃபெலியுவின் தந்திரம் எல்லோருக்கும் தெரியும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். “நீங்க போங்கப்பா, எனக்கு வயிறு சரியில்ல.” நாங்கள் உச்சியைத் தொட்டு இறங்கி வருவதற்குள், வந்த வழியே திரும்பி ஊருணியில் உட்கார்ந்திருப்பார். கூடை நிறைந்திருக்கும். எங்கே என்று கேட்டால், “அந்தப் பக்கம்” என்று கடலில் தொடங்கி பிரனீஸ் மலை வரை கையை ஒரு சுற்றுச் சுற்றுவார். நாங்களும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பார்த்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

“எனக்கே தெரியாது” என்பாள் அவர் மனைவி ரெமெய். “கேட்டா, ‘உன் தங்கச்சிகிட்ட உளறிடுவே’ங்குது இந்த மனுஷன். கழுவறதுக்கும் வதக்கறதுக்கும் மட்டும் நான் வேணும்.”

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இறங்கி வந்தபோது ஊருணியில் அவரைக் காணோம். ரெமெயின் போன் அடித்தது.

“கால் உடைஞ்சிருச்சு.”

“ஐயோ! எங்க இருக்கே?”

சத்தமே இல்லை. கால் உடைந்த மனுஷன் யோசிக்கிறார்!

“உச்சியில.”

“உச்சியிலயா? நாங்க இப்பத்தானே அங்கேர்ந்து வந்தோம்?”

“நீங்க போனப்புறம் வந்தேன்.”

“உடைஞ்ச காலோடயா?”

“எத்தனை கேள்விடி கேப்பே! உச்சிக்கு வா!”

மீட்புக் குழுவுக்குச் சொல்லிவிட்டு நாங்கள் நான்கு பேரும் இறங்கி வந்த வடக்குச் சரிவிலேயே மூச்சிரைக்கத் திரும்ப ஏறினோம். உச்சியில் இருக்கிற இரும்புச் சிலுவையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கால்சட்டை முட்டியில் கிழிந்து, முழங்கை தோலுரிந்து, கணுக்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. அந்தப் பாறையில் புல்கூட முளைக்காது. அதனால்தான் அங்கே தவழ்ந்து வந்திருக்கிறார், யாருக்கும் சந்தேகம் வராது என்று. ஆனால் கூடையை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. அதைத் தோளில் மாட்டி இழுத்துக்கொண்டே வந்திருக்கிறார். பாதிக் கூடை காலி.

மருந்துக்கடை அசும்தா கணுக்காலைத் தொட்டுப் பார்த்தாள். “அசைக்கவே கூடாது. காத்து அடங்காம ஹெலிகாப்டர் வராதாம், மீட்புக் குழுக்காரங்க வடக்குப் பக்கமா நடந்துதான் வராங்க. அதுவரைக்கும் யாராவது தலையைப் பிடிச்சுக்குங்க.” தலையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் சங்கத் தலைவர் எவுடால்ட் குனிந்து பாறையைப் பார்த்தார். வெள்ளைப் பாறையில் ஒரு தீற்றல். ரத்தம் என்று நினைத்துத் தொட்டு முகர்ந்தார். ரத்தம் இல்லை, ரொவெல்யோவைக் கீறினால் கசிகிற கேரட் நிறப் பால். கொஞ்சம் தள்ளி ஒரு நசுங்கிய காளான், அதற்கும் கீழே ஒரு முழுக் காளான். அப்படியே வரிசையாகத் தெற்குச் சரிவு மரங்களுக்குள் போயிற்று.

எவுடால்ட் தொண்டையைச் செருமினார்.

“மீட்புக் குழுவுக்கு வழி தெரியாமப் போயிடப் போகுது. நான் போய்க் கூட்டிட்டு வரேன்.”

“அவங்க வடக்குப் பக்கமா வராங்கடா!” என்று அலறினார் ஃபெலியு.

“ரெண்டு பக்கமும் பாத்துடறது நல்லதுப்பா” என்று சொல்லிவிட்டு எவுடால்ட் இறங்கினார்.

கணுக்காலுக்குக் கட்டுப் போட அசும்தாவுக்கு நல்ல குச்சியாக ஒன்று வேண்டியிருந்தது. குச்சி தேடப் போகிறவள், பையிலிருந்த மருந்தையெல்லாம் கீழே கொட்டிவிட்டுக் காலிப் பையை எடுத்துக்கொண்டாள். நானும் போயிருப்பேன். தலை என் மடியில் இருந்தது.

கீழேயிருந்து அசும்தாவின் குரல் கேட்டது. “ஐயோ மாதாவே! எவுடால்ட், இங்க பாரு! இங்க பாரேன்!”

ஃபெலியு கண்ணை மூடிக்கொண்டார். உடைந்த காலுக்கு அழாத மனிதர் இப்போது அழுதார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, கொஞ்சம். பிறகு ரெமெயின் கையை இறுக்கிப் பிடித்தார்.

“ரெமெய், கேளு. கல் சுவரைத் தாண்டினதும் இடது பக்கம் ஒரு பைன் விழுந்து கிடக்கும். அதுக்குக் கீழ முள்ளுப் புதர். அதுக்குள்ளதான் பெருசு பெருசா இருக்கு, அவங்க கண்ணுல படாது. ஓடு! நீயாவது போய் எடு!”

ரெமெய் மரங்களின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவர் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்து, பையைத் திறந்து, தக்காளி தேய்த்த ரொட்டியை எடுத்து நிதானமாக ஒரு கடி கடித்தாள்.

“பேசாமப் படு” என்றாள். “உன்னை எவனும் பறிச்சிட்டுப் போயிட மாட்டான்.”