கொசுவம் வராத கை

எங்காவது ஒரு சாமி படத்துக்காகப் பத்திரிகை ஆபீஸ் முன்னால் கூட்டம் கூடினால், எனக்குச் சித்தப்பா நினைவுதான் வரும். அவரிடம் நான் கேட்காமல் விட்ட மன்னிப்பு ஒன்று இருக்கிறது.

எங்கள் ஸ்ரீவராகம் தெருவுக்கென்று அவர் ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். எழுதுவதும், ஸ்டென்சில் வெட்டிக் கையால் சுற்றி அச்சடிப்பதும் அவரே. எனக்கு ஒன்பது வயதானபோது அதில் என் பிள்ளையார் படம் வந்தது. பிள்ளையார் பேன்ட் போட்டிருந்தார். வேட்டியின் கொசுவம் எனக்கு வரைய வராது, வேறு காரணமில்லை. சித்தப்பா வெகுநேரம் சிரித்தார். பிறகு கோயில் வாசலையும் ஒரு காவல்காரனையும் பக்கத்தில் வரைந்து, 'வேட்டி கட்டாமல் உள்ளே விடமாட்டோம்' என்று எழுதினார்.

மறுநாளே தெருப் பெரியவர்கள் எங்கள் கூடத்தில் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் படத்தைப் பார்த்திருக்கவில்லை. கோபப்படுவதற்கு ஆளுக்கொரு பிரதி கேட்டார்கள். சித்தப்பா கொடுத்தார். ஒருவர் சிரிப்பை மறைக்க இருமினார்.

வரைந்தது யாரென்று தெரியவேண்டும், இல்லாவிட்டால் பத்திரிகையை நிறுத்தவேண்டும் என்றார்கள். குழந்தை கிறுக்கியதென்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும்படி அப்பா காதோடு கெஞ்சினார்.

"யார் வரைஞ்சா என்ன மாமா? போட்டது நான். பேர் சொல்லமாட்டேன்" என்றார் சித்தப்பா. "தப்புன்னா நீங்க எழுதிக் கொடுங்கோ. முதல் பக்கத்துல போடறேன்."

எல்லோரையும்விடக் கோபமாக வந்திருந்த மாமா, எத்தனை பக்கம் எழுதலாம் என்று விசாரிக்கத் தொடங்கினார்.

அந்த நேரத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. என் படத்தைச் சித்தப்பா தன்னுடையதாக்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன். நடுக்கூடத்துக்கு ஓடினேன்.

"நான்தான் வரைஞ்சேன். நேக்குக் கொசுவம் வராது. அதான் பேன்ட்."

கூடமே சிரித்தது.

"அய்யே, இதுக்கா நாம வந்தது?" என்றபடி மாமா எழுந்தார். எழுதுவதாக இருந்த மறுப்பை மறந்தேபோனார். உண்மை பேசியதற்காக என் தலையைத் தடவினார்கள். சித்தப்பா வரைந்த கோயில் வாசல் காவல்காரனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சித்தப்பா காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அவரை நான் காப்பாற்றிவிட்டதாக வீடே சொன்னது. நானும் நம்பினேன். அடுத்த மாதம் ஒரு முருகனை வரைந்து, கீழே என் பெயரைப் பெரிதாக எழுதி அவரிடம் கொடுத்தேன். நன்றாயிருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். அந்த மாதமும் பிறகும் பத்திரிகை வரவில்லை.

பெயர் பெரிதாக இருந்ததுதான் குறை என்று நினைத்து, சின்னதாக எழுதி மறுபடியும் கொண்டுபோனேன்.