தலைவரின் கணுக்கால்

எங்கள் பகுதிக் கபடிக் குழு, மைதானத்தை ஒட்டிப் புதிதாக ஓர் அறை கட்டியது. அதன் பெரிய சுவரில், இதுவரை ஆடியவர்களில் பத்துப் பேரின் படங்களை மாட்டுவதென்று முடிவாயிற்று. யார் அந்தப் பத்துப் பேர் என்று தீர்மானிக்கும் கமிட்டியில் என்னையும் சேர்த்தார்கள். அதற்கு என் ஆட்டம் காரணமில்லை. பெண்கள் அணி என்று ஒன்று இருந்த காலத்தில் நான் பெரும்பாலும் மற்றவர்களின் செருப்புக்கும் துப்பட்டாவுக்கும் காவல் இருந்தவள். இப்போது பனியன் துணிகளுக்கு அச்சடிக்கும் ஒரு யூனிட்டில் டிசைனராக இருக்கிறேன். படங்களை நானே வடிவமைத்து, முதலாளியிடம் கெஞ்சி ஓசியில் அச்சடித்தும் தருவேன் என்பதால் கூப்பிட்டார்கள். போதாக்குறைக்கு, கமிட்டியில் ஒரு பெண்ணாவது இருக்கட்டுமே என்று யாரோ சொன்னார்களாம்.

மற்ற இருவரில் ஒருவர் குழுவின் தலைவர். ஒரு காலத்தில் அணியின் கேப்டன். பாடிப் போனால் ஒருவரையாவது தொடாமல் திரும்ப மாட்டார். இன்று சொந்தமாக நிட்டிங் மெஷின்கள் ஓட்டுகிறார், தொப்பையும் வைத்திருக்கிறார். இன்னொருவர் எங்கள் பி.டி. வாத்தியார். ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டையும் பழக்கியவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் விசில் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார்.

தலைவருக்கு முதலில் கல்லில் செதுக்கத்தான் ஆசை. திருமுருகன்பூண்டிக்குப் போய் சாமி சிலை செதுக்கும் ஒரு சிற்பியிடம் விசாரித்தார். பத்துப் பேரின் உருவம் வேண்டும் என்றதும் சிற்பி நோட்டை எடுத்துக்கொண்டு, "ஒவ்வொருத்தருக்கும் எத்தன கைங்க?" என்று கேட்டாராம். ரெண்டுதான் என்றதும் அவர் முகம் விழுந்துவிட்டது. தலைவருக்கும் ஆசை போய்விட்டது. போட்டோவே போதும் என்று திரும்பி வந்தார்.

முதல் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. ஊருக்கு வெளியே போய்ப் பேர் வாங்கியவர்களுக்கு மட்டுமே இடம் என்று தலைவர் ஒரு விதி போட்டார். அரை மணி நேரத்தில் ஏழு பேர் முடிவானார்கள். எட்டாவதாகத் தலைவரின் பெயர் வந்தது.

"என்னயப் பத்திப் பேசறப்ப நானிங்க இருக்கறது மொறையில்லீங்க" என்று எழுந்து வெளியே போனார். போனவர் சன்னலை ஒட்டி நின்றுகொண்டார். அவருடைய முழங்கை எங்களுக்குத் தெரிந்தது. வாத்தியார் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு வேண்டுமென்றே பேசாமல் இருந்தார். ஒரு நிமிடம் போனது. வெளியே இருமல் சத்தம் கேட்டது. இன்னொரு நிமிடம் போனதும் இருமல் பலமானது. "ஏகமனதாங்க" என்று வாத்தியார் உரக்கச் சொன்ன பிறகுதான் அந்த இருமல் குணமாயிற்று.

ஒன்பதாவது படம் காலமாகிவிட்ட ஒரு மூத்த ஆட்டக்காரருக்கு என்று தீர்மானித்து, மாலையும் சின்ன விளக்கும் போடலாம் என்றும் பேசி, இரண்டு நிமிடம் எழுந்து நின்றோம். மறுநாள் அவருடைய படம் கேட்டுக் கணியூரில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். அவரே எடுத்தார்.

"படமா? எதுக்குங்க கண்ணு?"

உளறிக்கொட்டி விஷயத்தைச் சொன்னேன். மாலை வரைக்கும் சொல்லிவிட்டேன்.

"மால போட்டாலும் எனக்கொண்ணும் ஆட்சேபன இல்லீங்க. நெல்லறுப்பு முடியட்டும், வந்து பாத்துக்கறேன்" என்றார்.

ஆக மிச்சம் ஓர் இடம். இரண்டாவது கூட்டத்தில் அதற்கு நான் என் சிநேகிதியின் பெயரைச் சொன்னேன்.

தலைவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். "பொண்ணுங்க டீம் வெளியூருக்கு எத்தன ஆட்டம் போச்சு அம்மணி?"

போனது ஒரே ஓர் ஆட்டம். அன்று இரண்டு பேருக்குக் கம்பெனியில் ஷிப்ட் மாற்றிவிட்டதால் ஏழு பேர் ஆட வேண்டிய இடத்தில் ஐந்து பேர் இறங்கினோம். அந்த ஐந்தில் நானும் ஒருத்தி என்பதால், உண்மையில் நான்கு பேர்தான். முதல் சுற்றிலேயே தோற்று, மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்துவிட்டோம்.

"அப்பறம்? விதின்னு ஒண்ணு இருக்குதுங்களே" என்றார் தலைவர்.

"விதி இருக்கட்டுங்ணா. மாவட்டக் கப்பு நீங்க எப்படி ஜெயிச்சீங்க?" என்று கேட்டேன்.

நடந்தது இதுதான். மாவட்ட இறுதி ஆட்டத்துக்கு முந்திய வாரம், எதிர்ப்பக்கம் நின்று பழகிக்கொடுக்க வேண்டிய பையன்கள் எல்லோரும் ஷிப்மென்ட் அவசரத்தில் ஓவர்டைமுக்குப் போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் வாத்தியார் எங்களை நிறுத்தினார். இடது ஓரத்தில் என் சிநேகிதி. கேப்டன் பாடிக்கொண்டு வந்து காலை நீட்டியதும் அப்படியே தரையோடு பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். பிடித்தால் உடும்புதான். முதல் நாள் மட்டும் நான்கு முறை அவரை மண்ணில் சாய்த்தாள். மூன்றாம் நாளிலிருந்து அவர் நீட்டிய காலைச் சட்டென்று தூக்கக் கற்றுக்கொண்டார். இறுதி ஆட்டத்தில் எதிரணி ஆள் அதே மாதிரி பாய்ந்து வெறும் காற்றைப் பிடித்தான். கப்பு எங்கள் ஊருக்கு வந்தது.

"எனக்கு அப்படியொண்ணும் ஞாபகமில்லீங்க" என்றார் தலைவர்.

"எனக்கு இருக்குதுங்க. பிடிச்சவ அவதான்" என்றார் வாத்தியார், விசிலைத் துடைத்தபடி. தலைவர் அடுத்த வாரம் பேசலாம் என்று எழுந்துவிட்டார்.

சிநேகிதியிடம் நான் அதுவரை ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை. அவள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. எட்டு வயதில் வந்தவளுக்கு இத்தனை வருடத்தில் எங்கள் 'ங்க' நன்றாகவே ஒட்டிக்கொண்டது. கோபமும் சந்தோஷமும் வந்தால் மட்டும் சொந்த ஊர்ப்பேச்சு வந்துவிடும். இப்போது ஒரு பெரிய கம்பெனியில் நாற்பது தையல்காரர்களை மேய்க்கும் லைன் சூப்பர்வைசர். டீ இடைவேளையில் கம்பெனி கேட்டுக்கு வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு எதுக்குட்டி சுவரு? எங்க வீட்டுல காலண்டர் மாட்டவே ஆணி இல்ல" என்றாள். டீ பாதி காலியானதும் அவளே தொடர்ந்தாள். "மாட்டுறதா இருந்தா அந்தப் போட்டோவ மாட்டு. பாஸ்போர்ட் சைஸ்ல விறைச்சுக்கிட்டு இருக்குத படமெல்லாம் வேண்டாம். அது ஆதார் கார்டுலயே கெடக்கு."

எந்தப் போட்டோ என்று எனக்குத் தெரியும். ஆண்கள் அணியைப் படமெடுக்க வந்த ஸ்டூடியோக்காரர் பிலிமில் மிச்சமிருந்த ஒன்றை வீணாக்க மனமில்லாமல் எங்கள் பயிற்சியைப் பார்த்து ஒரு கிளிக் செய்தார். கேப்டன் குப்புற விழுந்து, வாயெல்லாம் மண்ணாக, நடுக்கோட்டை நோக்கி ஒரு கையை நீட்டிக்கொண்டிருப்பார். அவருடைய கணுக்காலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு இவள் கிடப்பாள். அதை இவள் பைபிளுக்குள் வைத்திருந்தாள். எந்த இடத்தில் என்று கேட்டேன்.

"கோலியாத்து விழுற எடத்துல" என்றாள்.

அதற்குள் பெல் அடித்துவிட்டது. உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். "கப்ப வண்டியில வச்சு ஊர்வலம் போனாவல்லா, நான் கம்பெனி சன்னல்லதான் நின்னு பாத்தேன். கேப்டன் காலத் தூக்குற தூக்கு, அது என்னாலதானட்டி?"

அந்த ஊர்வலத்துக்குப் பிறகு மைதானம் காலையும் மாலையும் பையன்களுக்கே தேவைப்பட்டது. எங்களை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வருவதற்கு நேரம்தான் எதுவும் மிச்சம் வைக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக இவள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நானும் கேட்டுவைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு போட்டோவை லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். தலைவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

"இது நானில்லீங்க."

"காலு உங்க காலுதானுங்க" என்றார் வாத்தியார். "அந்தத் தழும்பு, சைக்கிள்ல உழுந்தது."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஏன் அம்மணி, என்னய மட்டும் வெட்டிப்போட முடியாதுங்களா?"

அவர் கண்முன்னாலேயே வெட்டிக் காட்டினேன். யாரோ மறந்து விட்டுப்போன ஒற்றைக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பெண் மண்ணில் கிடந்தாள். வாத்தியாரே பயந்துவிட்டார்.

"செரி, மூஞ்சிய மட்டும் மங்கலாக்கீருங்க."

மங்கலாக்கினேன். போலீசில் பிடிபட்ட ஆள் மாதிரி ஆகிவிட்டார். அது அவருக்கே சகிக்கவில்லை. அப்போதுதான் அவர் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னார்.

"ஏனுங்க, பொம்பளப் புள்ளையாச்சேன்னு அன்னிக்கு நாந்தான் விட்டுக்குடுத்தனுங்க."

வாத்தியார் மின்விசிறியை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். நான் லேப்டாப்பை மூடிக்கொண்டு நேராகச் சிநேகிதி வீட்டுக்குப் போனேன். தலைவர் சொன்னதை ஒரு எழுத்துகூடக் குறைக்காமல், தேவைப்பட்ட இடத்தில் இரண்டு எழுத்து கூட்டியே சொன்னேன்.

"அப்படியா சொன்னாவ?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு, சர்ச் முடிந்ததும் பட்டுச்சேலையோடு அவள் ஸ்கூட்டி மைதானத்தில் வந்து நின்றது. கையில் ஒரு துணிப்பை. தலைவர் சுவரில் ஆணி அடிப்பதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு எனக்கு விட்டுக்குடுத்தீயளாமே. இன்னைக்கும் ஒருக்கா விட்டுக்குடுங்க."

பழகிக்கொண்டிருந்த பையன்களும், சமீபமாக ஞாயிறுகளில் மட்டும் பழக வரும் மூன்று பெண்களும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அருகில் வந்தார்கள். தலைவர் சுற்றிலும் பார்த்தார். தப்பிக்க வழி எதுவும் இல்லை. ஒரு பையனிடம் டிரவுசர் கடன் வாங்கினார். அவள் உள்ளே போய் டிராக் பேண்டும் டி-சர்ட்டுமாக வந்தாள். அந்த மூன்று பெண்களும் நானும் அவளோடு நின்றோம். வாத்தியார் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் பணி ஓய்வு விழாவில்கூட நான் பார்த்ததில்லை.

தலைவர் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பாடிக்கொண்டு வந்தார். குரல் அப்படியேதான் இருந்தது. நான் என் வழக்கப்படி பின்னால் நகர்ந்துகொண்டேன். அவர் இடது ஓரத்துக்குப் போய்க் காலை நீட்டினார். அவள் பாய்ந்தாள். விரல்கள் குதிகாலில் பட்டதை நான் பார்த்தேன். ஆனால் அந்தக் கால் சட்டென்று மேலே எழும்பியது, அன்று கற்றுக்கொண்ட அதே தூக்கு. அடுத்த நொடி அவர் கோட்டைத் தாண்டி நின்றார். வாத்தியார் விசில் ஊதினார். அவள் அவுட்.

தலைவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார். பாதிச் சுற்றிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். வலியில் முகம் கோணியிருந்தது, ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை.

"அம்மணி, அந்தப் போட்டோவ எத்தன பெருசா வேணும்னாலும் அடிச்சுக்க. விட்டுக்குடுத்ததெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா சொன்னேன். அவ புடிச்சா எவன் எந்திரிக்க முடியும்? இன்னிக்குத்தான் தப்பிச்சேன். அதையும் அடியில ஒரு வரி போட்டுரு."

நான் சிநேகிதியிடம் ஓடினேன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வேணும்னுதான விட்டே?" என்று காதில் கேட்டேன்.

"போட்டீ! நான் ஏன் விடுதேன்? முட்டி மடங்கல. பிடி நழுவிட்டு." அவள் கண் கலங்கியிருந்தது, ஆத்திரத்தில்.

மற்ற ஒன்பது படங்களும் ஓர் அடி. அவளுடையதை நான் மூன்று அடியில் அடித்தேன். அச்சில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று சொல்லிவைத்தேன், யாரும் நம்பவில்லை. தலைவர் கேட்ட வரியையும் அடியில் போட்டேன். கொஞ்சம் சின்ன எழுத்தில். படிக்க வேண்டுமென்றால் சுவரில் மூக்கு இடிக்கும்.

திறப்பு விழாவன்று எல்லோரும் போன பிறகு அவள் தனியாக அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன். அழுவாளோ என்று எனக்குள் ஒரு பயம். அவள் படத்தில் தன் வலது காலை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"பிடிக்கையில இந்தக் கால இங்க வச்சிருக்கக் கூடாதுட்டி. தப்பு. நல்ல ஆளா இருந்தா உதறிட்டுப் போயிருப்பான்" என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண்களுக்குப் பிடி சொல்லிக்கொடுக்கிறேன் என்று மைதானத்துக்கு வருகிறாள். வந்ததும் முதல் வேலையாகத் தலைவர் எங்கே என்று கேட்கிறாள். ஒரு வாரம் அவருக்குக் கெண்டைக்கால் வலி, அடுத்த வாரம் முகூர்த்தம், அதற்கடுத்த வாரம் சுகர் டெஸ்ட். போன ஞாயிறு அவருடைய வண்டி பெட்ரோல் பங்க் திருப்பம் வரை வந்து, ஸ்கூட்டி நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாக வாத்தியார் சொன்னார்.