அக்கா அளந்த புள்ளி

என் அக்காவுக்கு வானத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கமே கிடையாது. பதினெட்டு வருடமாக நட்சத்திரத்தைக் குனிந்துதான் பார்க்கிறாள். வானாய்வு நிலையத்தின் தரைத்தளத்தில், சுவரெல்லாம் பாசி பிடித்த ஓர் அறையில், கண்ணாடித் தட்டுகளை அளப்பது அவள் வேலை. தொலைநோக்கியில் எடுத்த படம் அந்தத் தட்டில் கறுப்புப் புள்ளிகளாக விழுந்திருக்கும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, திருகைத் திருகி, ஒரு மெல்லிய கம்பியைப் புள்ளியின் நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்தி, எண்ணை எழுத வேண்டும். அடையாள அட்டையில் இன்றைக்கும் ‘தற்காலிக ஊழியர்’ என்றுதான் இருக்கிறது. அந்த அட்டையைப் பார்த்தாலே எனக்கு எரியும்.

எதற்கு இந்தக் கூத்து என்றால், ஒரு நட்சத்திரத்தைக் கோள் சுற்றி வந்தால் அது நட்சத்திரத்தையும் இப்படியும் அப்படியும் கொஞ்சம் இழுக்குமாம். கோள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த நட்சத்திரத்தின் இடத்தைப் பக்கத்திலிருக்கும் பொடி நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு வருடக்கணக்கில் அளந்தால் ஆட்டத்தைப் பிடித்துவிடலாம்.

அளக்கிற கண்ணிலும் ஒரு கோணல் உண்டு. அக்காவின் கண் கம்பியை மயிரிழை இடப்பக்கம் வைக்கும். இன்னொருவர் கண் வலப்பக்கம் வைக்கும். புள்ளி பெரிதானால் கோணலும் கூடும். அதனால் தட்டைத் தலைகீழாகத் திருப்பி இரண்டாவது முறை அளந்து சராசரி எடுப்பார்கள், கோணல் கழிந்துவிடும். பதினாறு வருடத்துக்கு முன் வந்த நிலையத் தலைவர், ஒருமுறை அளந்தால் போதும் என்று அதை நிறுத்தினார். அக்கா கூடாது என்றதற்கு, “உன்ன அளக்கத்தான் வச்சிருக்கு, யோசிக்க இல்ல” என்றாராம்.

போன வருடம் அந்த மகானுபாவர் ஒரு கோளைக் கண்டுபிடித்துவிட்டார். விழா நடந்தது. அக்காவோடு நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் ஒரு கோடு. பல வருட அளவுகளில் நட்சத்திரம் இரண்டு முறை வலப்பக்கம் எகிறி இறங்கியிருந்தது, நடுவில் ஏழு வருட இடைவெளி. ஏழு வருடத்துக்கு ஒரு சுற்று என்று தலைவர் அறிவித்ததும் கைதட்டல். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

“முதல் மேடு பெரியவன் பிறந்த வருஷம்டி. ரெண்டாவது சின்னவ பிறந்த வருஷம்.”

“அதுக்கென்ன இப்போ?”

“ரெண்டு தடவையும் நான் ஒரு வருஷம் லீவு. தட்ட அளந்தது தலைவரோட மச்சினன்.”

எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. முதலில் சிரிப்புத்தான் வந்தது. நட்சத்திரம் ஆடவே இல்லை. அளந்த கண்தான் மாறியிருக்கிறது. என் அக்காவின் இரண்டு பிரசவத்தை அந்த ஆள் கோள் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் சாப்பாட்டு இடைவேளையில் அக்கா அந்த இரண்டு வருடத் தட்டுகளையும் அவற்றின் முன்பின் வருடத் தட்டுகளையும் நேராகவும் திருப்பியும் போட்டு மறுபடி அளந்தாள். மேடு இரண்டும் காணாமல் போயின. நோட்டைக் கொண்டுபோய்த் தலைவரிடம் காட்டினாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். மேசை டிராயரிலிருந்து அவளுடைய நிரந்தரப் பணி ஆணையை எடுத்துக் காட்டினார். அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“ரெண்டு பிள்ளைங்க இருக்கு உனக்கு. இந்த மாசமே போட்டுடறேன். இந்த நோட்ட நீ வீட்டுலயே வச்சுக்கோம்மா.”

அவர் அவளை அம்மா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. வெட்கங்கெட்ட மனுஷன்.

ஆனால் அன்று வீட்டில் நான் மட்டும் என்ன சொன்னேன்? “பேசாம இருந்துடுக்கா. இல்லாத கோளால யாருக்கு என்ன நஷ்டம்?” என்றேன். இப்போது நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

“நாளைக்கு எவளாவது அத நம்பி இருபது வருஷம் குனிஞ்சு கிடப்பாடி” என்றாள் அக்கா.

கண்டுபிடிப்பை வெளியிட்ட ஆய்விதழுக்கே நோட்டின் நகலை அனுப்பினாள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தலைவரிடமே கருத்துக் கேட்டு அனுப்பிவைத்தார்கள். அவர் முந்திக்கொண்டார். பிழையைத் தானே கண்டுபிடித்ததாகவும், அது அளவீட்டாளரின் கண் குறைபாட்டால் நேர்ந்தது என்றும், அக்காவின் முழுப் பெயரைப் போட்டு அதே இதழில் எழுதிவிட்டார். மச்சினனைப் பற்றி மூச்சு விடவில்லை. அவருடைய நேர்மையை மெச்சி ஆசிரியர் குழு கீழே தனியாக ஒரு பத்தி எழுதியிருந்தது. பணி ஆணை டிராயரை விட்டு வரவே இல்லை.

இதழ் வீட்டுக்கு வந்தபோது உறையைப் பிரித்தது சின்னவள். எட்டு வயது அவளுக்கு.

“அம்மா! உன் பேரு புக்குல வந்திருக்கு!”

விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் பெயரைப் படித்தாள். மற்றதெல்லாம் அவளுக்கு எட்டாத பெரிய வார்த்தைகள்.

“நல்லா வேல செஞ்சேன்னு போட்டிருக்காங்களாம்மா?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. “ஆமாண்டா செல்லம்.”

“நாளைக்கு ஸ்கூல்ல டீச்சர்கிட்ட காட்டட்டுமா?”

நான் வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அக்கா அந்த இதழை வாங்கி, முனை மடங்காமல் ஒரு உறைக்குள் போட்டு, அவளுடைய பள்ளிக்கூடப் பையில் வைத்தாள்.